மூன்று நாள் மழை

காலை எட்டு இருபத்தைந்துக்கு அப்பாவின் கைக்கடிகாரம் கூவியது.

அவள் அப்போது அவருடைய தாடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சை விட்டால் வாய் மறுபடி திறந்துகொள்ளும். விடாமல் இறுக்கினாள். கடிகாரம் போர்வைக்குள்ளிருந்து கூவிக்கொண்டே இருந்தது. அறையில் இருந்த எட்டுப் பேரும் போர்வையைப் பார்த்தார்கள்.

"அத நிறுத்தேன்டி," என்றாள் அம்மா.

முடிச்சைப் போட்டுவிட்டு அவர் கையை வெளியே எடுத்தாள். கடிகாரத்தில் நான்கு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் விளக்கு எரிந்தது. இன்னொன்றை அழுத்தினால் தேதி வந்தது. எதற்கும் சத்தம் நிற்கவில்லை. பிறகு தானாகவே நின்றது.

"இந்நேரத்துக்கு எதுக்கு அலாரம்?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு லாரிக்காரரின் மனைவி.

"மழை அளக்கப் போற நேரம்," என்றாள் அம்மா. "பதினோரு வருஷமா இதான்."

அவர் விடியற்காலை நாலு பத்துக்குப் போனார். மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். அவளுடைய தம்பி வெளியூரிலிருந்து பஸ் ஏறிவிட்டான். வந்து சேர மதியம் இரண்டு மணி ஆகிவிடும். மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு.

சந்து, மலைச்சரிவில் படிக்கட்டாக ஏறும் சந்து. இருபத்து மூன்று வீடுகள். அவர்களுடையது மேலிருந்து இரண்டாவது, லாரிக்காரருடையது கடைசி. அதற்கு மேலே ஒரு தடுப்புச் சுவர், சுவருக்கு மேலே மண். பதினோரு வருஷத்துக்கு முன்பு அரசாங்கத்தின் சரிவுப் பாதுகாப்புத் திட்டத்தில் சந்துக்கு ஒரு மழைமானி வந்தது. ஆட்கள் வந்து சுவரோரமாகத் தூண் நட்டு அதை மாட்டினார்கள். தினமும் எட்டரைக்கு மழையை அளந்து போனில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். மில்லிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அப்பா கை தூக்கினார். கணக்கு எளிது. மூன்று நாள் மழை சேர்ந்து நூற்றைம்பது மில்லிமீட்டரைத் தாண்டினால் அடிவாரத் தண்ணீர்த் தொட்டியின் மேல் இருக்கும் சைரன் ஊதும். சந்து காலி. எல்லோரும் பள்ளிக்கூடக் கூடத்துக்கு.

மூன்று முறை ஊதியது. மூன்று முறையும் மண் இருந்த இடத்தில் இருந்தது. இரண்டாவது முறை, ஆளில்லாத லாரிக்காரர் வீட்டில் டிவியும் பித்தளைப் பாத்திரங்களும் திருட்டுப் போயின. அதிலிருந்து, மழை அளக்கும் குவளையை வைத்து, அப்பாவுக்கு டம்ளர் என்று பேர். டம்ளர் என்ன சொல்லுது, இன்னிக்குத் துணி துவைக்கலாமா, என்று குழந்தைகள்கூடக் கேட்டன.

எட்டு நாற்பதுக்கு ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டைப் பையில் போன் அடித்தது.

"ஐயா, வணக்கம். ரீடிங் இன்னும் வரலையே." திட்ட அலுவலகத்தில் தினமும் அளவைக் கேட்டு வாங்கும் இளம்பெண்ணின் குரல்.

"நான் அவர் பொண்ணு பேசறேன். அப்பா தவறிட்டாரு. விடியக்காலைல."

"நேத்து காலைல கூடப் பேசினாரே அக்கா. சளி புடிச்சிருக்குன்னு சொன்னாரு, மிளகு போட்டுக் குடிங்கன்னு சொன்னேன்." பிறகு தயங்கியது குரல். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வேற யாராச்சும் போய்ப் பாத்துச் சொல்ல முடியுமா? மதியத்துக்கு மேல பெரிய மழைன்னு தகவல் இருக்கு."

"நான் பாக்கறேன்."

குடையை எடுத்துக்கொண்டு ஏறினாள். மழை தூறலாகியிருந்தது. படியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. தூணுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தாள். கண்ணாடிக் குவளை, பிளாஸ்டிக் பைக்குள் நோட்டு, ஒரு பேனா, ஒரு பென்சில்.

மழைமானியின் மூடியைக் கழற்றி உள்ளேயிருந்த புட்டியை எடுத்தாள். குவளை இருபது மில்லிமீட்டர் பிடிக்கும். நிரப்பி, பார்த்து, கொட்ட வேண்டும். அப்பா மண்டியிட்டுத்தான் பார்ப்பார். கண் தண்ணீர் மட்டத்துக்கு வர வேண்டும், நின்னுட்டுப் பாத்தா தண்ணி பொய் சொல்லும் என்பார். அவளும் சேற்றில் மண்டியிட்டாள். ஒரு குவளை. இரண்டு. மூன்று. நான்காவது குவளையில் நாலு.

அறுபத்து நாலு.

எழுத நோட்டைப் பிரித்தாள். இடது பக்கத்தில் பேனாவால் தேதியும் அளவும். நேற்று இருபத்தெட்டு. முந்தின நாள் முப்பது. நேற்று காலை அளப்பதற்கு முந்தின பகலும் இரவும் அவள் தையல் மெஷினிலிருந்து எழுந்து எழுந்து, கூரை ஒழுகும் இடத்தில் வாளியை மாற்றி வைத்தாள். இருபத்தெட்டு மழையில்லை அது.

வலது பக்கம் வெறுமையாக இருப்பதுபோல் இருந்தது. குடைக்கு அடியில் சாய்த்துப் பார்த்தபோது தெரிந்தது. பென்சிலில், எறும்பு எழுத்தில், அதே தேதிகளுக்கு நேராக வேறு எண்கள். நேற்று நாற்பத்தொன்பது. முந்தின நாள் ஐம்பத்தைந்து.

கூட்டினாள். தப்பாகக் கூட்டியிருப்போம் என்று மறுபடி கூட்டினாள். பேனாக் கணக்கில் இன்றையதும் சேர்ந்து நூற்று இருபத்திரண்டு. பென்சில் கணக்கில் நூற்று அறுபத்தெட்டு.

பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். தூறலுக்கு ஒரே எண்தான். பெரிய மழைக்கெல்லாம் இரண்டு. பென்சில் எழுத்து முதலில் வந்த பக்கத்தில் விரல் நின்றது. போன வருஷம் அக்டோபர் இருபது.

அக்டோபர் பத்தொன்பதாம் தேதி காலையில்தான் மூன்றாவது முறை கூடத்திலிருந்து வீடு திரும்பினார்கள்.

அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். எழுந்து சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒரு விரிசல் இருந்தது. எப்போதும் இருந்த விரிசல்தான். அதன் குறுக்கே மூன்று இடத்தில், உடைந்த முகம்பார்க்கும் கண்ணாடியிலிருந்து வெட்டிய பட்டைகளைச் சிமெண்ட் வைத்து ஒட்டியிருந்தார். கோடையில் அவர் முற்றத்தில் உட்கார்ந்து கண்ணாடி வெட்டியபோது, எதுக்குப்பா என்று கேட்டாள். சும்மாதான் என்றார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும்.

மூன்றும் உடைந்திருந்தன. நடுப்பட்டையின் இரண்டு துண்டுகளுக்கும் இடையில் அவள் சுண்டுவிரல் போயிற்று.

கீழே வந்தபோது வீடு நிறைந்திருந்தது. வாசலில் செருப்புக் குவியல். மில்லில் கூட வேலை செய்தவர்கள் வந்திருந்தார்கள். படியெங்கும் ஆட்கள், மடியில் குழந்தைகள். லாரிக்காரர் எங்கிருந்தோ தார்ப்பாய் கொண்டுவந்து வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். காலை ஐந்து மணியிலிருந்து ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் ஓடுகிற மனுஷன். அப்பா மூன்று முறை காலி செய்த சந்து இன்று அப்பாவுக்காக நிரம்பி வழிந்தது.

அம்மாவைச் சமையலறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள். நோட்டைப் பிரித்துக் காட்டினாள். அம்மா அதைப் பார்க்கவே இல்லை.

"தெரியுமா உனக்கு?"

அம்மா அடுப்புத் திட்டைத் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"அம்மா."

"குறைச்சுச் சொல்றேன், ஆனா நான் பாத்துக்கறேன்னாரு. மழை பெஞ்சா படுக்க மாட்டாரு. அந்தப் பின்சுவத்துல கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு, விடிய விடிய. அதிர்ந்தா கைக்குத் தெரியும்னு." துணியைப் பிழிந்தாள். "என்ன தெரியும் கைக்கு? ஆளு உருக்குலைஞ்சதுதான் மிச்சம்."

"நேத்து?"

"மேல போய்ப் பாத்துட்டு நனைஞ்சு வந்தாரு. போன எடுன்னாரு. இந்த நேரத்துல யாரு எடுப்பா, விடியட்டும்னேன். தலையத் துவட்டிவிட்டேன்." அம்மா நிறுத்தினாள். "விடியட்டும்னுதான் சொன்னேன்."

வெளியே யாரோ நாற்காலி கேட்டார்கள். போன் அடித்தது. அவள் கையிலேயே இருந்தது.

"இப்ப எடுக்காத," என்றாள் அம்மா. குரல் தணிந்திருந்தது. "மூணு மணி வரைக்கும் பொறுத்துக்கடி. அவன் வந்து மூஞ்சியப் பாக்கட்டும். நல்லபடியா எடுத்துருவோம். அப்புறம் யாருகிட்ட வேணா சொல்லு. இப்பச் சொன்னா, வெளிய நிக்கிற அத்தனை பேரும் அவரு மூஞ்சில காறித் துப்பிட்டுப் போவாங்க."

"மண்ணு மூணு மணி வரைக்கும் பொறுக்குமா?"

"பதினோரு வருஷம் பொறுத்துச்சே."

அவள் போனை எடுத்தாள்.

"அக்கா, பாத்தீங்களா?"

"அறுபத்து நாலு."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம். "முப்பது, இருபத்தெட்டு, அறுபத்து நாலு... நூத்தி இருபத்திரண்டு. வரம்புக்குள்ளதான் இருக்கு. அப்பாடா. சரிக்கா, நீங்க ஆக வேண்டியதப் பாருங்க. நாளைக்கு நான் யாரையாச்சும் அனுப்பறேன்."

கதவிடுக்கு வழியாக அறை தெரிந்தது. தாடைக் கட்டின் முடிச்சு அப்பாவின் உச்சந்தலையில் முயல் காது மாதிரி நின்றது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பில் மிஞ்சிய துணி அது. போன வருஷம் அவள் தைத்தவை எண்பது விரிப்புகள். கொடுக்க வேண்டிய நாளில் அவை சந்தில் இருந்தன, அவள் கூடத்தில் இருந்தாள். ஆஸ்பத்திரி வேறு தையல்காரரைப் பார்த்துக்கொண்டது. வீடு திரும்பக் கிளம்பிய காலையில், கூடத்தில் அத்தனை பேர் நடுவில் அப்பாவிடம் கத்தினாள். ஒரு டம்ளர் தண்ணியப் பாத்துட்டு ஊரையே கொண்டுவந்து தரையில உக்கார வெக்கிறீங்க, வேற பொழப்பு இல்லையாப்பா உங்களுக்கு. கூடம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

"வெச்சுராதம்மா," என்றாள் போனில்.

"சொல்லுங்கக்கா."

"முந்தா நாள் ஐம்பத்தஞ்சு. நேத்து நாப்பத்தொன்பது. முப்பதும் இருபத்தெட்டும் இல்ல. தடுப்புச் சுவர்ல கண்ணாடி ஒட்டியிருந்தாரு, அதுவும் உடைஞ்சிருக்கு."

அம்மா அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, பக்கத்துச் சந்துல ரெண்டு நாளும் அம்பதுதான்," என்றது குரல், மெதுவாக. "நான் ஐயாகிட்டக் கேட்டேன். மேகம் அப்படித்தாம்மா, ஒரு தெருவுல பெய்யும், அடுத்த தெருவுல பெய்யாதுன்னாரு. அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு..." நின்றது. "நான் ஊதச் சொல்றேன். எல்லாரையும் இறக்குங்கக்கா. நானும் பள்ளிக்கூடத்துக்கு வரேன்."

ஆறு நிமிஷத்தில் சைரன் ஊதியது.

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒருவர் சிரித்தார். "பாத்தியா, போன பிறகும் டம்ளர் விடமாட்டேங்குது." இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். சாவு வீடு என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

லாரிக்காரர் கயிற்றை விட்டுவிட்டு உள்ளே வந்தார். "எவன்மா ஊதச் சொன்னது? தூறல்கூட விட்டுருச்சு. இவனுங்களுக்குப் புலி வருது புலி வருதுன்னு ஊதறதே வேலையாப் போச்சு. ஒரு சாவ ஒழுங்கா நடத்த விடறானுங்களா?"

"நான்தான் அண்ணே சொன்னேன்."

"நீயா?"

நோட்டைக் கொடுத்தாள். இடது பக்கம், வலது பக்கம் என்று விரல் வைத்துக் காட்டினாள். அவர் கண்ணாடி இல்லாமல் நோட்டைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். உதடு அசைந்தது. ஒரு முறை கூட்டினார். பக்கத்தைப் புரட்டினார், இன்னொரு முறை கூட்டினார். அறை அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நேத்து எம்புள்ளைங்க அந்தத் தடுப்புச் சுவத்தோரம்தான் படுத்திருந்துச்சுங்க," என்றார். யாரிடமும் சொல்வதுபோல் இல்லை.

"அண்ணே."

அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நோட்டை மூடி அவளிடமே கொடுத்தார்.

"கட்டிலோட தூக்குங்கடா," என்றார்.

நாலு பேர் குனிந்தார்கள். தலைமாட்டில் அவர் பிடித்தார். பிடித்தவர் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். மற்றவர்கள் காத்திருந்தார்கள். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்து பிடித்தார்.

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எம்பையன் வரணும். பாக்காம எடுக்க விடமாட்டேன். இந்த வீட்லேர்ந்துதான் போகணும் அவரு. நீங்கல்லாம் போங்க. நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்."

"எடுக்கலம்மா. கூடத்துலதான் வெக்கப் போறோம். தம்பி அங்க வருவான்."

"செருப்பு போட்டு நடக்கற எடத்துல வெப்பியா அவர?"

பேசிப் பயனில்லை. அவள் அம்மாவின் விரல்களை நிலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஐந்தாவதைப் பிரிக்கும்போது முதலாவது மறுபடி பிடித்துக்கொண்டது. லாரிக்காரரின் மனைவி வந்து மற்றக் கையைப் பிரித்தாள். அம்மா கத்தவில்லை. மகளின் முகத்தையே பார்த்தாள். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது.

கட்டில் படிகளில் இறங்கியது. திருப்பங்களில் தலைமாட்டை உயர்த்த வேண்டியிருந்தது. அப்போதெல்லாம் அப்பா எழுந்து உட்காரப் பார்ப்பவர்போல் இருந்தார். முன்னும் பின்னும் சந்து முழுவதும் இறங்கிற்று. கோழிக் கூடை, காஸ் சிலிண்டர், பள்ளிப் பைகள். சாவு ஊர்வலமா வேறு ஏதாவதா என்று கீழ்த்தெருக்காரர்கள் நின்று பார்த்தார்கள். மேல்கோடியில் இருந்த தன் வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் லாரிக்காரரின் மனைவி வந்தாள். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

கூடத்தில் மூன்று பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அவரைக் கிடத்தினார்கள். தலைக்குமேல் கரும்பலகையில் பின்னக் கணக்கு ஒன்று பாதியில் நின்றது. போன வருஷம் அவர்கள் குடும்பம் உட்கார்ந்திருந்ததும் அதே மூலைதான். அம்மா அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள். மகள் பக்கம் திரும்பவில்லை.

பதினொரு மணிக்கு மழை மறுபடி பிடித்தது. ஆண்கள் சன்னலோரம் நின்று மேலே பார்த்தார்கள். சரிவு அப்படியே இருந்தது. சுவரும் இருந்தது. வீடுகள் எல்லாம் இருந்தன.

"இன்னிக்கும் ஒண்ணும் ஆகலேன்னா?" என்றார் ஒருவர்.

"ஆகணும்னு சொல்றியா?" என்றார் லாரிக்காரர். கூடத்தில் குடும்பங்கள் பாய்களை விரித்தன. பெஞ்சுகளைச் சுற்றி ஐந்தாறு அடி இடத்தை எல்லோரும் விட்டிருந்தார்கள். காலையில் அவர் காலைத் தொட்டு அழுதவர்கள்தான்.

பன்னிரண்டு மணி வாக்கில் அலுவலகப் பெண் வந்தாள். குரலைவிடச் சின்னவளாக இருந்தாள். மழைக்கோட்டைக் கழற்றி வெளியே உதறிவிட்டு வந்து, பெஞ்சுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பதினோரு வருஷத்தில் கடைசி மூன்று வருஷம் தினமும் பேசிய முகத்தை முதல் தடவையாகப் பார்த்தாள். தாடைக் கட்டைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள்.

"இப்பக் கேக்கறதுக்கு மன்னிச்சுருங்கக்கா. மேல கேக்கறாங்க. எப்பலேர்ந்து மாறுச்சுன்னு தெரியணும். பழைய கணக்கெல்லாம் திருத்தணும்."

அவள் நோட்டைக் கொடுத்தாள். பெண் பின்பக்கமாகப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நிறுத்தி, முந்தின பக்கத்தைப் பார்த்தாள், மறுபடி அந்தப் பக்கத்துக்கு வந்தாள்.

"அக்டோபர் இருபது," என்று எழுதிக்கொண்டாள். "அதுக்கு முன்னால ஒரு நாள்கூட இல்ல. பத்து வருஷம் ஒரு புள்ளி தப்பல."

அம்மா தலையைத் திருப்பினாள். கூடத்துக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக மகளைப் பார்த்தாள்.

படிவத்தில் அடுத்த கட்டத்துக்குப் பேனாவை நகர்த்திவிட்டுப் பெண் நிமிர்ந்தாள்.

"அதுக்கு முந்தின நாள் என்னக்கா ஆச்சு?"